கால்பந்துக் கழகங்களின் கதை – 14: டொரினோவின் தலைவர் வாலன்டினோ மட்சோலா

இத்தாலியின் வடமேற்கு மூலையில், ஆல்ப்ஸ் மலைத்தொடரின் அடிவாரத்தில் அமைந்த டுரின் நகரம் இரண்டு பெரிய கால்பந்துக் கழகங்களை வளர்த்தெடுத்தது. 1897-இல் தோன்றிய யுவென்டஸ், 1923 முதல் பியட் கார் நிறுவனத்தின் உரிமையாளர்களான அன்யெல்லி குடும்பத்தின் ஆதரவைப் பெற்று இத்தாலி முழுவதும் ரசிகர்களைச் சேர்த்துக்கொண்டது. 1906-இல் தொடங்கப்பட்ட டொரினோவோ பெரும்பாலும் அந்த நகரத்துக்குள்ளும் அதைச் சூழ்ந்த பியெமோன்டே மாநிலத்துக்குள்ளும் வேரூன்றி நின்றது. கிரனாட்டா எனப்படும் கருஞ்சிவப்பு நிறம் இக்கழகத்தின் சட்டைக்கு உரியது. அதன் ரசிகர்களையும் அதே பெயரால்தான் இத்தாலியர் குறிப்பிடுகின்றனர். யுவென்டஸ் சேர்த்துவைத்திருக்கும் கோப்பைகளோடு ஒப்பிட்டால் டொரினோவின் கணக்கு மிகச் சிறியது. ஆயினும், இறந்துபோன ஓர் அணித்தலைவரை முக்கால் நூற்றாண்டுக்குப் பின்னும், அவர் ஆடியதைக் கண்ணால் காணாத தலைமுறைகள் இத்தனை ஒழுங்கோடும் பற்றோடும் நினைவில் வைத்திருப்பதற்கு ஐரோப்பியக் கால்பந்தில் இதற்கு இணையான சான்று அரிது. அத்தலைவரின் பெயர் வாலன்டினோ மட்சோலா.

மட்சோலா 1919 ஜனவரி 26 அன்று மிலான் நகருக்குக் கிழக்கே அத்தா ஆற்றங்கரையில் உள்ள கஸ்ஸானோ தத்தா என்னும் ஊரில் பிறந்தார். தந்தையைச் சிறுவயதிலேயே இழந்த அவர், அந்தப் பகுதியின் பெரும்பாலான ஏழைப் பிள்ளைகளைப் போலவே, பள்ளியை விட்டு உள்ளூர் லினன் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். பின்னர் மிலானில் ஆல்பா ரோமியோ கார் தொழிற்சாலையின் அணிக்காக ஆடினார். அக்காலத்து இத்தாலியில் பெரிய ஆலைகள் தமக்கெனக் கால்பந்து அணிகளை வைத்திருந்தன. நன்றாக ஆடும் இளைஞனுக்கு ஆலையில் ஒரு வேலையும் கிடைத்துவிடும் என்பதால், தொழிலாளர் குடும்பங்களுக்குக் கால்பந்து என்பது விளையாட்டாக மட்டும் இராமல் பிழைப்புக்கான வழியாகவும் இருந்தது. கட்டாயப் படைச்சேவை அவரைக் கடற்படை வீரராக வெனிஸ் நகரத்துக்குக் கொண்டுசென்றது. அங்கே அந்நகரின் வெனிசியா கழகத்தில் இடம்பெற்ற அவர், 1941-இல் அக்கழகம் இத்தாலியக் கோப்பையை வென்றபோது அணியில் இருந்தார். இன்று குரோவேஷியாவில் ரியேக்கா என வழங்கும் பியூமே துறைமுகத்தைச் சேர்ந்த எசியோ லோயிக், வெனிசியாவில் மட்சோலாவின் இணையாக வாய்த்தவர். இருவரும் ஒரே ஆண்டில் பிறந்தவர்கள்.

1942-இல் பட்டத்தை நூலிழையில் தவறவிட்டு இரண்டாம் இடத்தில் நின்ற டொரினோவின் கழகத் தலைவர் பெருச்சோ நோவோ, தம் அணியைத் திணறடித்த இந்த இருவரையும் சேர்த்தே 12 லட்சம் லிராவுக்கும் மேற்பட்ட தொகைக்கு வாங்கினார். அந்தக் காலத்துக்கு அது வியப்பூட்டும் தொகை. ஆனால் நோவோவின் சாதனையைப் பணத்தைக் கொண்டு மட்டும் மதிப்பிடுவது தவறாகும். தொழிலதிபரான அவர், கழகத்தை ஒரு நிறுவனம்போல் நடத்த வேண்டும் என்று முதலில் உணர்ந்த இத்தாலியர்களுள் ஒருவர். யுவென்டஸிடமிருந்து குலியெல்மோ கபெட்டோவை அழைத்துவந்தது தொடங்கி, ஒவ்வோர் இடத்துக்கும் பொருத்தமான ஆளைப் பொறுமையாகத் தேடிச் சேர்த்தார். அவர் சேர்த்த அணிக்கு ஏற்ற ஆட்டமுறையும் அப்போது வந்து வாய்த்தது.

இங்கே அந்த ஆட்டமுறையைச் சற்று விளக்குவது தேவை. இத்தாலிக்கு 1934-இலும் 1938-இலும் உலகக் கோப்பையை வென்று தந்த விட்டோரியோ போசோ, இத்தாலியர் ‘மெட்டோடோ’ என்றழைத்த பழைய அமைப்பைக் கையாண்டார். அதில் இரண்டு பின்கள ஆட்டக்காரர்களுக்கு முன்னால் நடுக்களத்தின் மையத்தில் நிற்கும் ஒருவரே ஆட்டத்தின் அச்சாக இருப்பார். இங்கிலாந்தில் ஆர்சனல் கழகம் பரப்பிய புதிய முறை இத்தாலியில் ‘சிஸ்டெமா’ எனப் பெயர்பெற்றது. அதில் பின்களத்தில் மூவரும் முன்களத்தில் மூவரும் நிற்க, இடையில் நால்வர் ஒரு சதுரத்தின் நான்கு மூலைகளைப்போல் நின்று பந்தை வெல்வதும் கொண்டுசெல்வதும் கொடுப்பதுமாக இரு திசைகளிலும் இயங்குவர். டொரினோவில் அந்தச் சதுரத்தின் பின்மூலைகளில் க்ரேசாரும் கஸ்டில்யானோவும், முன்மூலைகளில் லோயிக்கும் மட்சோலாவும் நின்றனர். இடது முன்மூலையில் நின்ற மட்சோலா தம் கோலின் எல்லைக்கு இறங்கி எதிரியின் காலிலிருந்து பந்தைப் பறிப்பார், அதே பந்தை மறுமுனைக்குக் கொண்டுசென்று கோலும் அடிப்பார். ஓட்டம், உயரப் பந்தைத் தலையால் வெல்லும் தாவல், இரு காலாலும் உதைக்கும் வலிமை, சோர்ந்த தோழரை அதட்டி எழுப்பும் தலைமை ஆகிய அனைத்தும் ஒருவரிடமே சேர்ந்திருந்தன. போட்டிக் கழகமான யுவென்டஸின் நட்சத்திரமும் பின்னாளில் அதன் தலைவருமான ஜாம்பியெரோ போனிபெர்ட்டி, ஒரு கழகத்துக்கு எல்லா வகையிலும் பயன்படும் ஆட்டக்காரர் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால், பெலேயையும் மரடோனாவையும் விட்டுவிட்டு மட்சோலாவையே தேர்ந்தெடுப்பதாகக் கூறியிருக்கிறார். நகரத்தின் மறுபாதியிலிருந்து வந்த சொல் என்பதால் இதன் எடை கூடுதலானது.

1942-43 பருவத்தில் டொரினோ லீக் பட்டத்தையும் இத்தாலியக் கோப்பையையும் ஒருங்கே வென்றது. இரண்டையும் ஒரே பருவத்தில் ஓர் அணி வென்றது இத்தாலியில் அதுவே முதல் முறை. கோப்பையின் இறுதியாட்டத்தில் வீழ்ந்தது மட்சோலாவின் பழைய கழகமான வெனிசியா. பட்டம் வென்ற அணி அடுத்த பருவம் முழுவதும் சட்டையில் தைத்துக்கொள்ளும் மூவண்ணக் கேடயச் சின்னத்துக்கு ‘ஸ்குடெட்டோ’ என்று பெயர். இத்தாலியர் பட்டத்தையே அந்தச் சொல்லால் குறிக்கின்றனர். அதன்பின் நாடே போர்க்களமானது. ஆட்டக்காரர்களைப் படைக்கும் கட்டாய உழைப்புக்கும் பறிகொடுக்காதிருக்க, போர் உற்பத்தியில் ஈடுபட்ட பியட் ஆலையின் பணியாளர்களாக அவர்களைப் பதிவுசெய்யும் வழியை நோவோ கண்டார். 1944-இல் வடஇத்தாலியில் நடந்த போர்க்காலப் போட்டியில் அணி பியட்டின் பெயரையும் சேர்த்துக்கொண்டே களமிறங்கியது. போர் முடிந்து தேசிய லீக் மீண்டும் தொடங்கியபோது டொரினோ விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தது: 1946, 1947, 1948, 1949 என நான்கு பட்டங்கள் அடுத்தடுத்து வந்தன. போரால் நின்ற ஆண்டுகளை நீக்கிப் பார்த்தால் இவை தொடர்ச்சியாக ஐந்து பட்டங்களாகும்.

அந்த ஆண்டுகளின் எண்கள் இன்றும் மலைப்பூட்டுகின்றன. 1946-47 பருவத்தில் மட்சோலா 29 கோல்களோடு லீக்கின் அதிக கோல் அடித்தவரானார். நடுக்களத்தின் பாரத்தையும் சுமந்த ஒருவர் இதைச் செய்தார் என்பதை மறக்கலாகாது. 1947-48 பருவத்தில் அணி 40 ஆட்டங்களில் 125 கோல்களை அடித்தது. வெற்றிக்கு இரண்டே புள்ளிகள் வழங்கப்பட்ட அக்காலத்தில் இரண்டாம் இடத்தவரைவிட 16 புள்ளிகள் முன்னால் முடித்தது. 1948 மே மாதத்தில் அலெஸ்சாந்திரியா அணியை 10-0 என வென்றது. 1947 மே 11 அன்று டுரினில் ஹங்கேரியை எதிர்த்து இத்தாலிய தேசிய அணி ஆடியபோது, களமிறங்கிய பதினொருவரில் பத்துப் பேர் டொரினோவைச் சேர்ந்தவர்கள். கோல்காப்பாளர் மட்டுமே யுவென்டஸிலிருந்து வந்தவர். புஷ்காஷ் ஆடிய அந்த ஹங்கேரி அணியை இத்தாலி 3-2 என வென்றது. பாசிசம் வீழ்ந்து, மன்னராட்சியும் 1946-இன் வாக்கெடுப்பில் நீங்கி, குண்டுவீச்சில் இடிந்த நகரங்களையும் இரண்டாகப் பிளந்த மக்களையும் கொண்டு புதிய குடியரசு எழுந்துகொண்டிருந்த காலம் அது. தோற்ற நாடு தலைநிமிர்ந்து பார்க்க இருந்த சிலவற்றுள் மிதிவண்டிப் பந்தயத்தில் பார்த்தலி, கோப்பி ஆகிய இருவரும், கால்பந்தில் இந்த அணியும் முதலிடம் பெற்றன.

டொரினோ ஆடிய மைதானத்துக்குப் பிலடெல்பியா என்று பெயர். 1926-இல் திறக்கப்பட்ட அது, தான் அமைந்த சாலையின் பெயரையே பெற்றது. பார்வையாளர் மாடங்கள் களத்தை ஒட்டியே எழுப்பப்பட்டிருந்ததால், ஆட்டக்காரரின் மூச்சுவாங்கலும் ரசிகரின் வசையும் ஒருவர்க்கொருவர் கேட்டன. டொரினோ ரசிகர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் காட்சி நிகழ்ந்தது இங்கேதான். ஆட்டம் மந்தமாகி எதிரணி துணிவுபெறத் தொடங்கும்போது, மாடத்திலிருந்து ஓரெஸ்டே போல்மிதா என்ற ரயில்வே ஊழியர் தம் எக்காளத்தை எடுத்து முழங்குவார். அதைக் கேட்டதும் மட்சோலா தம் சட்டைக் கைகளை முழங்கைவரை மடித்துவிடுவார். அது அணிக்கும் அரங்கத்துக்கும் ஒரே நேரத்தில் தரப்பட்ட அடையாளம். அதன்பின் தொடரும் பத்துப் பதினைந்து நிமிடங்களில் கருஞ்சிவப்புச் சட்டைகள் ஒரே அலையாகப் பாய்ந்து ஆட்டத்தை முடித்துவிடும். அதற்கு ‘கிரனாட்டாவின் கால்மணி நேரம்’ என்று ரசிகர்கள் பெயரிட்டனர். 1946 ஏப்ரலில் ரோமா அணியை அதன் சொந்த நகரிலேயே 7-0 என வென்றபோது முதல் அரைமணி நேரத்துக்குள்ளேயே ஆறு கோல்கள் விழுந்திருந்தன என்பதைக் கொண்டு, இந்தப் பெயர் மிகையன்று என அறியலாம்.

மட்சோலா பற்றிய நினைவின் கருவாக இந்தச் செய்கை நிலைத்ததற்குக் காரணம் உண்டு. அவருடைய ஆட்டத்தைக் காட்டும் படச்சுருள் மிகக் குறைவு. எஞ்சியிருப்பவை செய்திப்படங்களின் சில நொடித் துண்டுகளே. ஒரு கோலின் அழகைச் சொல்லால் கடத்துவது கடினம், ஆனால் சட்டைக் கையை மடிப்பதை ஒரு தாத்தா தம் பேரனுக்குத் தம் கையாலேயே செய்துகாட்டிவிட முடியும். அச்செய்கையில் ஒரு தொழிலாளி வேலையைத் தொடங்கும்முன் செய்வது அப்படியே இருந்தது. பியட் ஆலைகளின் நகரத்தில், ஆலையிலிருந்து வந்த தலைவர் அதைச் செய்தபோது மாடத்தில் இருந்தவர்கள் தம்மையே களத்தில் கண்டனர். எக்காளம் ஊதியவரும் அவர்களுள் ஒருவரே. ரசிகர் ஒருவரும் தலைவரும் சேர்ந்து ஆட்டத்தைத் திருப்பினர் என்பதே இக்கதையின் உயிர்.

1949 பிப்ரவரியில் ஜெனோவாவில் இத்தாலியும் போர்ச்சுகலும் மோதிய ஆட்டத்தின்போது, போர்ச்சுகல் அணித்தலைவரும் பென்பிகா கழக ஆட்டக்காரருமான பிரான்சிஸ்கோ பெரெய்ராவுக்கும் மட்சோலாவுக்கும் நட்பு ஏற்பட்டது. பெரெய்ராவைப் பாராட்டும் வகையில் லிஸ்பனில் நடத்தப்படவிருந்த நட்பு ஆட்டத்துக்கு டொரினோ அழைக்கப்பட்டது. ஏப்ரல் 30 அன்று மிலானில் இன்டர் அணியோடு 0-0 எனச் சமன்செய்து பட்டத்தை ஏறக்குறைய உறுதிசெய்துகொண்ட பிறகு, அணி லிஸ்பன் சென்று மே 3 அன்று 4-3 என்ற கணக்கில் பென்பிகாவிடம் தோற்றது. மறுநாள், பார்சிலோனாவில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு புறப்பட்ட பியட் ஜி.212 வகை விமானம், மாலை ஐந்து மணியளவில், தாழ்ந்த மேகமும் மழையும் சூழ்ந்திருந்த நிலையில், டுரினுக்குக் கிழக்கே சூப்பர்கா குன்றின் உச்சியில் நிற்கும் பேராலயத்தின் பின்புற மதில்மீது மோதியது. 31 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. பதினெட்டு ஆட்டக்காரர்களோடு கழக நிர்வாகிகள், மூன்று பத்திரிகையாளர்கள், பயிற்சிக் குழுவினர் ஆகியோரும் மாண்டனர். பயிற்சிக் குழுவினருள் ஹங்கேரிய யூதரான எர்னோ எக்ரி எர்ப்ஸ்டைனைத் தனியே குறிப்பிட வேண்டும். 1938-இன் இனவெறிச் சட்டங்களால் இத்தாலியை விட்டு வெளியேற நேர்ந்து, போர்க்காலக் கொடுமையிலிருந்து உயிர்தப்பி, தம் அணியைத் தேடித் திரும்பிவந்தவர் அவர். காயத்தால் பயணம் செய்யாத சௌரோ தோமா போன்ற மிகச் சிலரே அணியில் எஞ்சினர். உடல்களை அடையாளம் காட்டும் பணி, அவர்களைத் தேசிய அணியில் வழிநடத்திய போசோவின் தலையில் விழுந்தது. மட்சோலாவுக்கு அப்போது வயது 30.

மே 6 அன்று நடந்த இறுதி ஊர்வலத்தில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் டுரின் தெருக்களில் நின்றனர். எஞ்சியிருந்த நான்கு லீக் ஆட்டங்களை டொரினோ தன் இளையோர் அணியைக் கொண்டு ஆடியது; எதிரணிகளும் தத்தம் இளையோரையே களமிறக்கின; நான்கிலும் டொரினோ வென்று பட்டத்தை நிறைவுசெய்தது. மே 26 அன்று அர்ஜென்டினாவின் ரிவர் பிளேட் கழகம், இளம் டி ஸ்டெபானோவையும் உடன் அழைத்துக்கொண்டு, கடல் கடந்து வந்து இறந்தோர் குடும்பங்களின் நிதிக்காக டுரினில் ஆடியது. அந்த உறவை இரு கழகத்து ரசிகர்களும் இன்றளவும் போற்றுகின்றனர். அடுத்த ஆண்டு பிரேசிலில் நடந்த உலகக் கோப்பைக்கு இத்தாலிய அணி விமானத்தைத் தவிர்த்துக் கப்பலில் சென்று, முதல் சுற்றிலேயே வெளியேறியது.

அன்றிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் மே 4 அன்று டொரினோ ரசிகர்கள் ஏறத்தாழ 670 மீட்டர் உயரமுள்ள அக்குன்றின்மேல் ஏறுகின்றனர். சாஸ்சி என்னும் அடிவாரப் பகுதியிலிருந்து பற்சக்கர ரயில் ஒன்று மேலே செல்லும். எனினும் நடந்தே ஏறுவோர் பலர். பேராலயத்தில் திருப்பலி முடிந்ததும், விமானம் மோதிய மதிலில் பதித்துள்ள கல்வெட்டின் முன்னால், அப்போதைய அணித்தலைவர் இறந்த 31 பேரின் பெயர்களையும் ஒவ்வொன்றாக வாசிக்கிறார். பெரும்பாலான கழகங்கள் தம் நாயகர்களுக்குச் சிலை வைத்துவிட்டு நிறைவடைகின்றன. இங்கே, இன்று அந்தச் சட்டையை அணியும் ஒருவர் தம் வாயால் அப்பெயர்களைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பல நாடுகளிலிருந்து ஒப்பந்தம் பெற்றுவரும் ஆட்டக்காரர்கள் அவற்றைச் சொல்லிப் பழகித்தான் தலைவராகின்றனர். வேறெந்தச் சடங்கையும்விட இதுவே நினைவை உயிரோடு வைத்திருக்கிறது என்பது இத்தொடரின் மதிப்பீடு.

இன்னொரு பட்டியலும் உண்டு. பாசிகலூப்போ, பல்லாரின், மரோசோ. க்ரேசார், ரிகமோன்டி, கஸ்டில்யானோ. மென்டி, லோயிக், கபெட்டோ, மட்சோலா, ஓசோலா எனக் களத்தில் நின்ற வரிசைப்படியே ஒரே மூச்சில் சொல்லப்படும் பதினொரு பெயர்கள் இவை. இத்தாலியில் கால்பந்தை அறிந்த முதியவர் எவருக்கும் மனப்பாடம். இந்த வரிசையில் மட்சோலா தலைவராக முதலில் வருவதில்லை. பத்தாவது ஆளாகத் தமக்குரிய இடத்தில் வருகிறார். பிற கழகங்களின் ரசிகர்கள் தம் நாயகரை ஏனையோரிலிருந்து பிரித்து உயர்த்தும்போது, டொரினோ ரசிகர்கள் தம் நாயகரைப் பத்துத் தோழர்களுக்கு நடுவில் வைத்தே நினைக்கின்றனர். அந்தத் தோழர்களும் தத்தம் ஊர்களில் மறக்கப்படவில்லை: விசென்சாவின் மைதானம் ரோமியோ மென்டியின் பெயரையும், திரியெஸ்டேயின் பழைய மைதானம் ஜுசெப்பே க்ரேசாரின் பெயரையும் தாங்குகின்றன.

மட்சோலாவின் மூத்த மகன் சாண்ட்ரோவுக்குத் தந்தை இறந்தபோது வயது ஆறு. பிலடெல்பியாவில் தந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு களத்துக்குள் வந்த அந்தச் சிறுவன், வளர்ந்து ஆடியது டொரினோவுக்காக அன்று, மிலானின் இன்டர் கழகத்துக்காக. 1964-இல் ரியல் மாட்ரிட்டுக்கு எதிரான ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்தில் அவர் இரண்டு கோல்கள் அடித்தார். ஆட்டம் முடிந்ததும் எதிரணியில் ஆடிய புஷ்காஷ் தம்மிடம் வந்து, தாம் அவருடைய தந்தையை எதிர்த்து ஆடியதைச் சொல்லி, அவருக்குத் தகுந்த மகன் என்று பாராட்டியதாக சாண்ட்ரோ பின்னாளில் நினைவுகூர்ந்தார். நோவோவின் பெயரே சூட்டப்பட்ட இளைய மகன் பெருச்சோவும் கால்பந்து ஆட்டக்காரரானார்.

நினைவைக் காத்தவர்கள் ரசிகர்களே என்பதற்குப் பிலடெல்பியா மைதானத்தின் கதி கசப்பான சான்றாகும். 1963-க்குப் பின் முதல்நிலை லீக் ஆட்டங்கள் அங்கே நடைபெறவில்லை. பயிற்சிக்களமாகச் சுருங்கி, பராமரிப்பின்றிச் சிதைந்து, 1997-இல் அது இடிக்கப்பட்டது. புதியது விரைவில் எழும் என்ற உறுதிமொழிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பொய்த்தன. கழகத்தின் உரிமை கைமாறிக் கைமாறி, இறுதியில் 2005-இல் அக்கழகமே திவாலாகி மறுபெயரில் தொடங்க நேர்ந்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள், சில சுவர்த் துண்டுகள் மட்டும் நின்ற அந்தப் புதர்மண்டிய நிலத்தை விற்பனைக்குப் போகாமல் காத்து, புல்லை வெட்டி, நகராட்சியின் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தவர்கள் ரசிகர்கள். அணி இரண்டாம் நிலைக்குத் தள்ளப்பட்ட 2003-இல், அதே மே 4 அன்று, பல்லாயிரக்கணக்கானோர் நகரத் தெருக்களில் கருஞ்சிவப்புக் கொடிகளோடு ஊர்வலம் சென்றனர். தோற்றுக்கொண்டிருந்த ஓர் அணிக்காகத் திரண்ட கூட்டம் அது. புதிய பிலடெல்பியா 2017 மே 25 அன்று திறக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டில், கழகம் இப்போது ஆடும் பெரிய அரங்கத்துக்கு 1940-களின் அணியின் பெயரான ‘கிராண்டே டொரினோ’, அதாவது ‘மாபெரும் டொரினோ’, சூட்டப்பட்டது. நகரை ஒட்டிய க்ருல்யாஸ்கோவில் உள்ள பழைய மாளிகையொன்றில், ரசிகர்களின் தன்னார்வ உழைப்பால் நடக்கும் அருங்காட்சியகம் விமானத்தின் சிதைவுகளையும் ஆட்டக்காரர்களின் உடைமைகளையும் காத்துவருகிறது.

மட்சோலா உலகக் கோப்பையில் ஒரு நிமிடமும் ஆடவில்லை. 1942-இலும் 1946-இலும் போட்டி நடைபெறவில்லை. 1950-க்கு முன்பே அவர் இறந்துவிட்டார். தேசிய அணிக்காக 12 ஆட்டங்களே அவருக்கு வாய்த்தன. உலகக் கோப்பையையும் தொலைக்காட்சியையும் அளவுகோலாக வைத்து எழுதப்படும் கால்பந்து வரலாறுகளில் அவர் பெயர் பெரும்பாலும் அடிக்குறிப்பாகச் சுருங்குவது இதனால்தான். அந்த அளவுகோல் அவருக்கு இழைத்திருப்பது அநீதி. நடுக்களத்தில் தாக்குதலையும் தடுப்பையும் ஒருசேரச் சுமக்கும் ஆட்டக்காரரை எழுபதுகளின் டச்சு அணியோடு தொடங்கிவைக்கும் வழக்கம் திருத்தப்பட வேண்டும். முப்பது ஆண்டுகளுக்கு முன்பே டுரினில் அந்த ஆட்டம் ஆடப்பட்டது.

அவருக்குப் பின் டொரினோ பட்டம் வென்றது ஒரே ஒரு முறை, 1975-76 பருவத்தில். அதற்கு முன் அது 1959-இல் இரண்டாம் நிலை லீக்கில் விழுந்து எழுந்ததையும், 1967 அக்டோபரில் ஜிஜி மெரோனி என்ற மற்றோர் இளைஞரைச் சாலை விபத்தில் இழந்ததையும் அடுத்த பகுதி கூறும்.

(தொடரும்)